சிங்கப்பூர் இருபத்தோரு சரம்

மயிலாப்பூர் லஸ் பக்கம் பூ வாங்குகிற வழக்கம் உள்ளவர்களுக்கு அப்துல் கய்யூமை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அவர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. “நானே பலகை மாதிரி நிக்கறேன், தனியா ஒண்ணு எதுக்கு” என்பார். ஆறடிக்கு ஆறடி இடம். சின்னக் கடைதானே என்று யாராவது கண்ணால் அளந்தால் போதும், அந்த ஆறடிக்குள் வந்து நிற்க இருபது வருஷம் தெருவில் நடந்தவன் நான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பூவை எடுத்துக் கொடுப்பார்.

பிறந்தது மீர்சாகிப்பேட்டை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பதினோரு வயதில் கூடை தூக்கினார். லஸ்ஸில் பன்னிரண்டு பி பேருந்தில் உதிரிப்பூவோடு ஏறுவார். பனகல் பார்க்கில் இறங்கும்போது அது சரமாகி இருக்கும். அதைத் தி. நகர் கடைத்தெருவில் விற்றுவிட்டு, மறுபடி உதிரிப்பூவோடு திரும்புவார். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, பேருந்து எந்தப் பக்கம் ஆடினாலும் விரல் பிசகாமல் கட்டுவார். குந்திக்கொண்டு கட்டுகிறவனெல்லாம் பூக்காரனில்லை என்பது இன்றுவரை அவர் கட்சி.

அப்படி வளர்ந்ததால் தூரம் என்றால் அவருக்குக் கிலோமீட்டர் இல்லை. பூதான். அந்தக் காலத்தில் லஸ்ஸிலிருந்து பனகல் பார்க் மூன்று முழம். இப்போது மெட்ரோ ரயிலுக்குத் தெருவைத் தோண்டிப் போட்ட பிறகு ஏழு முழம். அடையாறு நாலு முழம், மழை பெய்தால் ஆறு. ஆட்டோக்காரர் அரைமணி நேரம் என்று சொன்னால், “அதாவது அஞ்சு முழம்” என்று தனக்குள் மாற்றிக்கொண்டுதான் ஏறுவார்.

கோயிலுக்கு மாலை கட்டுவார், சாந்தோம் திருவிழாவில் தேருக்குச் சரம் கட்டுவார். “பாய், வெள்ளிக்கிழமை நாலு முழம் ஆத்துல குடுத்துடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிற மாமிகளின் வீடுகளில் அழைப்பு மணி அடிக்காமலே கதவில் தொங்கவிட்டு வரும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் பேர் நின்றது செஹ்ராவில். செஹ்ரா என்பது முஸ்லிம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டி, முகத்தை மறைத்து மார்பு வரை தொங்கவிடும் பூத்திரை. ராயப்பேட்டையிலும் தி. நகரிலும் அடையாற்றிலும் கய்யூம் பாய் செஹ்ரா இல்லாத பெரிய வீட்டுக் கல்யாணம் இல்லை என்று அவர் சொல்வார். அதில் முக்கால்வாசி உண்மை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. மற்றவர்கள் மலர்ந்த மல்லியில் செஹ்ரா கட்டுவார்கள். கட்டும்போது பார்க்க நன்றாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஓரம் பழுத்துத் தொங்கும். கய்யூம் மொட்டில் கட்டுவார். அன்று விடியற்காலையில் பறித்த குண்டு மல்லி மொட்டு. பெரும்பாலும் நிக்காஹ் மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் நடக்கும், அதாவது பொழுது சாய்ந்ததும். மொட்டும் அந்த நேரத்துக்குத்தான் விரியும். மாப்பிள்ளை மேடையில் உட்காரும்போது மொட்டு, காஜி சம்மதம் கேட்கும்போது பூ. கூடத்தில் இருக்கிறவர்கள் வாசனை வந்த பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கய்யூம் பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாதவர் போல நிற்பார். நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பியதில்லை.

அவருடைய ஒரே மகள் ஜுவேரியா கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய் இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவள் மகன் ஃபராஸுக்குச் சென்ற ஆண்டு அங்கேயே பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சிம்ரா. செஹ்ரா மாப்பிள்ளையின் தாய்வழிப் பாட்டனார் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது கய்யூம் குடும்பத்து வழக்கம். அந்தப் பாட்டனார் செஹ்ரா கட்டுகிறவராகவே இருக்கும்போது பேச என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

பேச இருந்தது. ஜுவேரியா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அப்பா, எங்க மாமியார் சொல்றாங்க, இங்கயே கடைல நல்ல செஹ்ரா கிடைக்குதாம். அங்கருந்து பூவ தூக்கிட்டு வந்தா வாடிப்போயிடும், பெரியவருக்கு எதுக்கு சிரமம்னு.”

மாமியார் ஹாஜிரா பீ. ஐம்பது வருஷமாகச் சிங்கப்பூர்வாசி; எதையும் இரண்டு தடவை யோசித்து, மாற்று ஏற்பாட்டோடு செய்கிறவர்.

“சிரமம்னு சொன்னாங்களா, வாடிப்போயிடும்னு சொன்னாங்களா?” என்றார் கய்யூம்.

“ரெண்டும்தான்பா.”

“சிரமம்ன்றத வுட்டுர்றேன். வாடிப்போயிடும்னு சொன்னாங்க பாரு, அதுக்காவ வரேன். கடை செஹ்ரா ஃபராஸு மூஞ்சில ஏறுச்சின்னா, அப்புறம் நா பூ கட்டறதே நிறுத்திக்கறேன்னு சொல்லு.”

ஜுவேரியா அதை அப்படியே சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் சொல்லிவிட்டதாகவே கய்யூம் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். மூன்றாவது நாள் அவர் பின்வாங்க வழியே இல்லை.

அவர் கடை வரிசையில் நாலாவது கடை சிதம்பரநாதனுடையது. விமான டிக்கெட்டு, உம்ரா பயணம், காசி யாத்திரை எல்லாம் ஒரே கண்ணாடிக் கதவுக்குள். கய்யூம் உள்ளே போய் நின்றார்.

“இன்னா சார், சிங்கப்பூரு எத்தினி தூரம் கீது?”

“ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் பாய், சுமாரா.”

“அத்த நீயே வெச்சிக்கோ. எம்மாம் நேரம் குந்திக்கினு போவணும்?”

“நேரா போற ஃப்ளைட்டுல நாலே கால், நாலரை மணி நேரம். காலைல பத்தேகாலுக்கு ஏறினா சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல அங்க இறங்கிடலாம்.” சிதம்பரநாதன் கொஞ்சம் நிறுத்தினார். இந்த இடத்தில் புதிதாகப் பறக்கிற எல்லோரும் விரல் விட்டு எண்ணுவார்கள். “பத்திலேருந்து அஞ்சு, ஏழு மணி நேரம் ஆவுதேன்னு கேப்பீங்க. அது எப்படின்னா...”

“நா எதுக்குக் கேக்கறேன்? அங்க நம்மளவிட ரெண்டரை மணி முன்னால ஓடுது. நா இங்க ராத்திரி சோறு துன்னும்போது எம் பொண்ணு கொட்டாவி வுட்டுக்கினு பேசுவா. இருபத்தேழு வருஷமா கேட்டுக்கினுகீறேன், எனக்கா பாடம் எடுக்கற?”

“சரி பாய். கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி போட்டுடவா?”

“கல்யாணத்தன்னிக்கு காலைல போடு.”

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “வெளையாடறீங்களா? ஃப்ளைட்டு லேட்டாச்சின்னா பேரன் கல்யாணத்துல நீங்க இருக்க மாட்டீங்க.”

“மூணு நாள் முன்னாடி போனா நா இருப்பேன், பூ இருக்காது. நா போயி அங்க இன்னா பண்ணப் போறேன், பிரியாணி துன்னவா? அன்னிக்குப் பறிச்ச மொட்டு அன்னிக்கு மாப்பிள்ளை மேல ஏறணும். அதான் தொழிலு.” பிறகு மேசை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சீட்டுக்கு முன்னால பலகை மாதிரி ஒண்ணு விரிப்பாங்களாமே, அது எம்மாம் அகலம்?”

சிதம்பரநாதன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கய்யூம் அந்த இடைவெளியைப் பார்த்து, உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். ஒரு செஹ்ராவுக்கு இருபத்தோரு சரம். ஒரு சரத்துக்குப் பத்து நிமிஷம். சாப்பாடு, தண்ணீர், மேலே ஏறுகிற நேரம், கீழே இறங்குகிற நேரம் போக, மிச்சமிருப்பது சரியாக அந்த வேலைக்கு ஆகும்.

“இருபத்தோரு சரம்” என்றார்.

“எது?”

“சிங்கப்பூரு. கிலோமீட்டரெல்லாம் உனுக்கு. எனுக்கு இருபத்தோரு சரம் தூரம்.”

வீட்டில் மனைவி அன்வரி பேகம் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் சொன்னால் செய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

“எல்லாரும் ப்ளேன்ல தூங்குவாங்க, படம் பாப்பாங்க. நீங்க குப்பை போட்டுக்கினு போவப் போறீங்க.”

“நீ தூங்கு. உன்ன யாரு கட்டச் சொன்னது?”

“எனுக்கும் சேத்துதானே டிக்கெட்டு போட்டீங்க? காம்பு கிள்ளிக் குடுக்கத்தான்னு தெரியாதா எனுக்கு.”

மொட்டுக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு தோட்டத்தில் சொல்லி வைத்தார். ஐஸ் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஐஸ் பட்ட மொட்டு பார்க்க விறைப்பாக இருக்கும், உள்ளே செத்திருக்கும். ஈரத் துணியில் சுற்றி, ஓலைக்கூடையில் வந்தால் போதும். நெற்றியில் கட்டும் சிவப்புப் பட்டைக்கு ஜரிகை தைத்து, சரம் கோக்க இருபத்தோரு வளையம் வைத்து, முந்தின வாரமே வீட்டில் தயார் செய்துவிட்டார்.

அன்று காலை எல்லாம் சொன்னபடி நடந்தது. மொட்டு வந்தது, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொன்றும் பச்சைக் காம்பும் பால் வெள்ளையுமாக, அரிசி மணியைப் போல இறுக்கமாக இருந்தது. விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டாள்.

“பல்லு கீதும்மா” என்றார் கய்யூம். “அத்தயும் புடுங்கி வெச்சிக்கிறியா?”

அவள் சிரித்துக்கொண்டே கூடையை மூடிக் கொடுத்தாள்.

விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் பலகையை விரித்தார். சிதம்பரநாதன் காட்டிய அகலத்தைவிட இரண்டு விரல் குறைவு. அதற்கு அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அன்வரி காம்பை ஒழுங்கு செய்து நாலு நாலாக எடுத்து வைக்க, இவர் நூலை வளைத்து இறுக்கினார். பேருந்தைவிட நன்றாக இருந்தது; ஆட்டமே இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு இதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆறாவது சரத்தில் விமானப் பணிப்பெண் சாப்பாட்டோடு வந்து நின்றாள். பலகையில் இடமில்லை.

“சார், இதைக் கொஞ்சம் எடுத்து வெச்சிட்டீங்கன்னா...”

“எனுக்கு வேணாம்மா. அவங்களுக்குக் குடு. சாப்டறதுக்கு எறங்கின ஊர்ல நேரம் கீது.”

“எங்களுக்கு ஒரு முழம் கிடைக்குமா சார்?” என்றாள் அவள், பின்னிய கொண்டையைத் தொட்டபடி.

“இது மாப்பிள்ளை பூ. முழத்துக்கு வராது. கடைக்கு வா, லஸ்ல. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

பத்தாவது சரத்தை முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ஜன்னலோர இளைஞனைக் கேட்டார். “தம்பி, பாதி தூரம் வந்துட்டிருப்போம், இல்ல?”

இளைஞன் தன் முன்னால் இருந்த திரையில் படத்தைத் தட்டிப் பார்த்தான். நீலக் கடலுக்கு நடுவில் சின்ன விமானம் நின்றது. “ஆமா சார், கிட்டத்தட்ட பாதி. எப்படிச் சொன்னீங்க?”

கய்யூம் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்வரி அந்தப் பார்வைக்குப் பதிலாக அடுத்த நாலு மொட்டை எடுத்து நீட்டினாள்.

இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது இருபத்தோராவது சரம் வளையத்தில் ஏறிவிட்டது. அங்கே நேரம் என்ன என்று சொன்னார்கள். கய்யூம் கைக்கடிகாரத்தைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தி, முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பினார்.

“உன்னுதையும் குடு, திருப்பித் தரேன்.”

“வேணாங்க” என்றாள் அன்வரி. “நாலு நாள்ல திரும்பி வரப் போறோம். அப்ப மறுபடி எவன் பின்னால திருப்பறது. அது அப்படியே ஓடட்டும்.”

ஃபராஸின் அப்பா வண்டியோடு வெளியே காத்திருந்தார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கய்யூமின் கடிகாரத்தில் ஆறரை. மஃரிபுக்கு இன்னும் அரைமணிக்குமேல் இருந்தது. சொன்ன நேரம், சொன்ன பூ. அவர் செஹ்ரா வைத்த அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த நடையை ஜுவேரியா வாசலிலிருந்தே பார்த்தாள். “அப்பா ஜெயிச்சிட்டாரு” என்று அம்மாவின் காதில் சொன்னாள்.

மாப்பிள்ளை அறையில் ஃபராஸ் ஷெர்வானியோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து, “நானா, வந்துட்டீங்களா” என்று பாட்டனாரைக் கட்டிக்கொண்டான். ஹாஜிரா பீயும் இருந்தார். ஜுவேரியாவின் நாத்தனார்கள் இரண்டு பேர் கதவோரம் நின்றார்கள். கய்யூம் பெட்டியை மேசை மேல் வைத்து, ஈரத் துணியை விலக்கி, சிவப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். இருபத்தோரு சரமும் சிக்கலில்லாமல் தொங்கின.

ஒன்றுகூட விரியவில்லை.

அதில் தப்பில்லை, இந்த நேரத்தில் மொட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முனை தளர்ந்திருக்க வேண்டும். பால் வெள்ளை மாறி, இதழ்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்க வேண்டும். கய்யூம் ஒரு மொட்டை விரலால் அழுத்தினார். காலையில் கூடையில் இருந்த அதே இறுக்கம். இன்னும் இரண்டு சரம் தள்ளி வேறொன்றை அழுத்தினார். பிறகு முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பச்சை வாசனைதான் வந்தது.

“நல்லா கட்டியிருக்கீங்க சம்பந்தி” என்றார் ஹாஜிரா பீ. கேலியில்லாமல்தான் சொன்னார். “எப்ப விரியும்?”

“மஃரிபுக்கு விரியும். நாப்பது வருஷமா விரிஞ்சிருக்குது.”

“மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கு.”

கய்யூம் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பத்தைந்து. எங்கே தப்பு என்று புரியவில்லை. தோட்டத்துக்காரன் இளசைப் பறித்துவிட்டானா? இல்லை, கையில் எடுத்துப் பார்த்துத்தானே வாங்கினார். விமானத்துக்குள் குளிரா? போர்வை கேட்கும் அளவுக்குக்கூட இல்லை. சரத்தைத் தாங்கிப் பிடிக்க அன்வரி கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டு அவர் கண்ணுக்கு நேரே வந்தது.

அந்தக் கடிகாரத்தில் நாலேகால்.

சென்னையில் நாலேகால் மணிக்கு அவர் கடையில் மொட்டு எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படித்தான் இருக்கும். தூரத்தைக் கணக்குப் பார்த்தார், பறக்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்தார், முள்ளைக்கூடத் திருப்பினார். மொட்டைத் திருப்ப மறந்துவிட்டார். திருவள்ளூரில் பறித்த மொட்டுக்குத் திருவள்ளூர்ப் பொழுதுதான் தெரியும். சிங்கப்பூரில் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்பதற்காக அது அவசரப்படாது. அது விரிய இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அன்வரியும் கணவரின் முகத்தையும் தன் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

ஹாஜிரா பீ பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். உள்ளே கடையில் வாங்கிய செஹ்ரா. நேற்றுப் பறித்த மல்லி, குளிர்ப்பெட்டியில் இருந்து நன்றாக மலர்ந்திருந்தது. நடுநடுவே மினுக்குகிற காகித ரோஜா. மாற்று ஏற்பாடு.

“தப்பா எடுத்துக்காதீங்க பாய். ஃப்ளைட்டு கிளைட்டு லேட்டாச்சின்னா இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன்.”

“நானா, எனக்கு உங்களுதுதான்” என்றான் ஃபராஸ். “மொட்டா இருந்தா இருக்கட்டும். யாரு கிட்ட வந்து பாக்கப் போறாங்க?”

“நா பாப்பேன்” என்றார் கய்யூம்.

அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தன் செஹ்ராவை மறுபடி பெட்டியில் இறக்கினார். ஒவ்வொரு சரமாக மடங்காமல் படுக்க வைத்தார். வெந்நீர் தெளித்தால் கால் மணியில் விரியும். சாப்பாடு முடிவதற்குள் கறுத்துவிடும். அதை அவருடைய சின்ன வயதில் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள், அவர்களை அவர் பூக்காரர்களாகவே மதித்ததில்லை. விரியாத மொட்டில் பேரனைக் கொண்டுபோய் உட்கார வைப்பதும் முடியாது. முகத்தின் மேல் அரிசியைக் கொட்டின மாதிரி இருக்கும். கய்யூம் பாய் கட்டினது என்று நாலு பேர் அதைப் போட்டோ எடுப்பார்கள்.

“ஜல்வா எப்ப வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஜல்வா என்பது நிக்காஹும் விருந்தும் முடிந்த பிறகு மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் கண்ணாடி வைத்து, அதில் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைக்கும் சடங்கு.

“ஒம்பதரை ஆயிடும்பா” என்றாள் ஜுவேரியா.

“சரி. நிக்காஹுக்கு இவங்க வாங்கினது. ஜல்வாவுக்கு என்னுது.”

யாரும் பதில் சொல்வதற்குள் கடை செஹ்ராவை எடுத்தார். அதன் பட்டை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. காகித ரோஜா இரண்டைப் பிடுங்கி மேசை மேல் வைத்தார். பட்டையை நேராக்கி, நுனியில் கறுத்த நாலைந்து பூவைக் கிள்ளி எறிந்தார். அப்புறம் பேரனைக் குனியச் சொல்லித் தன் கையாலேயே அவன் நெற்றியில் கட்டினார். முடிச்சு இரண்டாம் தடவைதான் விழுந்தது. நாற்பது வருஷத்தில் அவர் கை இரண்டாம் தடவை முடிச்சுப் போட்டதை அன்வரி பார்த்ததில்லை.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. காஜி சம்மதம் கேட்டார், ஃபராஸ் சொன்னான். கய்யூம் பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் வாசனை வந்த பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் மகளுக்கும் மருமகனுக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மண்டபத்துக்குள் குளிர்சாதனம் நடுக்குகிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் மொட்டு இன்னும் பின்னால் போகும். சமையல் கட்டுக்குப் பக்கத்தில், பிரியாணி தேக்சாக்களை இறக்கி வைத்திருந்த நடையில் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்வரி தட்டோடு தேடி வந்தாள்.

“பேரன் கல்யாணத்துக்கு வந்து சமையல்கட்டுல குந்திக்கினுகீறீங்க. ரெண்டு வாய் சாப்டுங்க.”

“மணி இன்னா?”

“உங்க கையில கீதே.”

“என்னுது வேணாம். உன்னுது சொல்லு.”

அன்வரி மணிக்கட்டைத் திருப்பினாள். “ஆறு அடிக்கப் போவுது.”

“அப்பன்னா இன்னும் நேரம் கீது.”

அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “வரலைன்னா இன்னா பண்ணுவீங்க?”

“லஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துகீறேன்.”

“அதுக்குத்தான் கேக்கறேன்.”

“வரலைன்னா கடைய சாத்திட்டு உன்கூட வீட்ல குந்திக்கினு டிவி பாக்கறேன்.”

“ஐயோ, வேணாம்” என்றாள் அன்வரி. “அல்லா, அந்த மொட்டு விரியட்டும்.”

கய்யூமுக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையிலிருந்து அப்போதுதான் முதல் வாய் சாப்பிட்டார்.

அவள் கடிகாரத்தில் ஆறரையைத் தாண்டியபோது ஐந்தாவது சரத்தில், அடியிலிருந்து மூன்றாவது மொட்டு முனை விட்டது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் பக்கத்தில் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. தேக்சா கழுவ வந்த ஆள் நடையில் நின்று, பிரியாணி வாசனைக்கு நடுவில் இது எங்கேயிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்தான். கய்யூம் பெட்டியை மூடாமலே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஜல்வாவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. கடை செஹ்ரா ஃபராஸின் நெற்றியில் தளர்ந்து, பூ ஓரங்கள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. கய்யூம் அதை அவிழ்த்து மடித்து ஹாஜிரா பீயின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். தன்னுடையதைக் கட்டினார். முடிச்சு முதல் தடவையிலேயே விழுந்தது. கட்டும்போது பாதி விரிந்திருந்த சரங்கள், சிம்ராவை அழைத்து வந்து எதிரே உட்கார வைப்பதற்குள் முழுக்க விரிந்துவிட்டன. கண்ணாடியை நடுவில் வைத்து, ஃபராஸ் இரண்டு கையாலும் பூத்திரையை விலக்கியபோது, அத்தனை நேரம் குளிர்சாதனக் காற்றில் எந்த வாசனையும் தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டம் அப்படியே பேச்சை நிறுத்தியது. சிம்ரா கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் பூவைப் பார்த்தாள். அதற்கு அவள் தோழிகள் பிறகு ஒரு மணி நேரம் கேலி செய்தார்கள்.

ஹாஜிரா பீ கய்யூமின் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஜல்வாவுக்குத்தான்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் நிக்காஹுக்கு இன்னும் நல்லதா வாங்கியிருப்பேனே பாய்.”

“நீங்க முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார் கய்யூம், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல்.

ஹாஜிரா பீ அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அன்வரி தரையைப் பார்த்தாள்.

“மிச்சப் பூ இருந்தா எனக்கு அரை முழம் குடுங்க” என்றார் ஹாஜிரா பீ. “முடி வெளுத்துப்போச்சி, இருந்தாலும் பரவால்ல.”

கூடையில் மிச்சம் ஒரு பிடி இருந்தது. கய்யூம் அங்கேயே நின்றுகொண்டு, தூணில் தோளைச் சாய்த்துக் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்த விமானம் சிங்கப்பூரில் சாயங்காலம் கிளம்பிச் சென்னையில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் இறக்கிவிட்டது. டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லை என்று தோன்றும். கய்யூமுக்கோ அது போனதைவிட மூன்று மடங்கு நீளமாக இருந்தது. கையில் பூ இல்லை. பலகையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கடைசியில் போர்வை நூலை உருவி விரலில் சுற்ற ஆரம்பித்தபோது அன்வரி தட்டி விட்டாள்.

அடுத்த நாள் கடை திறந்ததும் முதலில் வந்தவர் சிதம்பரநாதன்.

“இன்னா பாய், இருபத்தோரு சரம் கணக்கு சரியா வந்துச்சா?”

“நூலு பிசகல. பாதி கடல்ல பத்து சரம். பக்கத்து சீட்டுப் பையன் வாயப் பொளந்துட்டான்.” கய்யூம் மல்லிக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். “ஆனா நீ ஒண்ணு தெரிஞ்சிக்கோ. வெளிநாட்டுக்கு செஹ்ரா கட்டறதுன்னா சும்மா இல்ல. அங்க மணி இன்னான்னு பாக்கக் கூடாது. மொட்டு பொறந்த ஊர்ல மணி இன்னான்னு பாக்கணும். நிக்காஹுக்கு விரியாது, ஜல்வாவுக்கு விரியும். இத்த இந்தியாவுல மொத மொதல்ல கண்டுபுடிச்சது நாந்தான்.”

“கண்டுபுடிச்சாரு” என்றாள் அன்வரி, பின்னால் வாளியில் துணி அலசிக்கொண்டே. “சமையல்கட்டுல பிளாஸ்டிக் சேர்ல குந்திக்கினு கண்டுபுடிச்சாரு. அன்னிக்கு நிக்காஹ்ல எந்த செஹ்ரா இருந்துச்சின்னு கேளுங்க சார்.”

சிதம்பரநாதன் கய்யூமைப் பார்த்தார். கய்யூம் முதல் நாலு மொட்டை எடுத்து நூலில் வைத்தார்.

“துபாய்க்கு ஒரு ஆர்டர் வந்துகீது” என்றார். “அங்க நம்மளுக்குப் பின்னால ஓடுது. அப்பன்னா நிக்காஹுக்கு முன்னாலயே விரிஞ்சிடும். நாளைக்கு வா, எந்தத் தோட்டத்துல எப்ப பறிக்கணும்னு யோசிச்சி வெக்கறேன். டிக்கெட்டு மட்டும் நீ போடு.”